அண்ணனுக்கு நான் கட்டிய அரண்மனை

கையில் ஒரு பட்டியல் இருந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் இதை ஒப்புக்கொள்கிறேன். 'பித்தளை விளக்கு, நான்கு, உயரம் ஐந்து அடி' என்று எழுதியிருந்தால், நான்கு வந்ததா, ஐந்து அடி இருக்கிறதா என்று அளவு நாடாவோடு பார்ப்பேன். அந்த விளக்கு எங்கிருந்து வந்தது, அதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பதெல்லாம் பட்டியலில் இல்லை. ஆகவே எனக்கும் தெரியாது.

அண்ணனின் அறுபதாவது பிறந்தநாள் அப்படித்தான் நடந்தது.

அண்ணன் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, பல்லேகலையில் வீடு கட்டிக் குடியிருந்தார். எங்கள் அப்பா ஐம்பத்தொன்பது வயதில் போனார். சித்தப்பாவும் ஐம்பத்தொன்பதில்தான். எனவே தானும் அறுபதைக் காணப்போவதில்லை என்று அண்ணன் முடிவு செய்து, அதைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அறிவித்தும் விட்டார். வெறும் பேச்சில்லை, அதற்கேற்ப நடந்தார். பற்பசையில் சின்ன டியூப்தான் வாங்குவார். தொலைக்காட்சியில் புதுத் தொடர் தொடங்கினால் எழுந்து போய்விடுவார் ("முடிவு தெரியாமப் போயிருவேன், எதுக்கு?"). கடைசி இரண்டு மாதங்களில் சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது, சட்டை தோளில் தொங்கியது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒடம்புல ஒண்ணுமில்ல. பயத்துலயே கரையுறார். அறுபது பிறக்கிற அன்னைக்கு இவரைச் சந்தோஷமா ஒரு கதிரையில உட்கார வச்சிட்டீங்கன்னா பிழைச்சுக்குவார்."

அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்றோம். அண்ணன் மறுத்துவிட்டார். "தாலி கட்டின கையோட நான் போயிட்டா, அவ பாவம், ரெண்டு தாலியில்ல கழட்டணும்."

அண்ணி என்னிடம் வந்தார். "நீதாம்மா எதையும் ஒழுங்கா செய்வ. என்னமாச்சும் பண்ணு."

நான் ஒழுங்காகச் செய்தேன். மூன்று வாரம் இணையத்தில் அரச பாணி அலங்காரங்களைப் படித்தேன். கண்டி ராஜாக்கள் ஆண்ட ஊர், அண்ணன் தோட்டத்தையே ஆண்டவர், ராஜ தர்பார்தான் பொருத்தம் என்று தீர்மானித்தேன். தங்க நிறத்தோடு ஊதா சேர்ந்தால் அரச களை வரும் என்று படித்தேன். வண்ணப் படத்தைவிடக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கம்பீரம் அதிகம் என்று படித்தேன். அரசன் ஒருவன் மட்டும் வண்ண உடையில் ஜொலிக்க, மற்றவர்கள் ஒரே நிறத்தில் வருவது நவநாகரிகம் என்றும் படித்தேன். அழைப்பிதழில் 'அனைவரும் வெள்ளை உடையில் வரவும்' என்று அச்சிட்டேன். பட்டியல் நாற்பத்து மூன்று இலக்கங்கள் வரை போனது.

சாமான்களை வாடகைக்கு எடுத்து மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பை ரிஸ்வி நானாவிடம் கொடுத்தேன். அவர் கட்டுகஸ்தோட்டையில் கல்யாண மேடை போடுகிறவர். பிளாஸ்டிக் எதுவும் கூடாது, அசல் பித்தளை, அசல் வெல்வெட் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மண்டபம் தெல்தெனியவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. அந்த மாதம் நீர் இறங்கி, ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் சுவர்த் துண்டுகள் சேற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு நான் போய் இறங்கியபோது தண்ணீரின் மேல் புகை மாதிரி பனிமூட்டம் எழுந்து, கரையேறி, மண்டப வாசலை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. (அன்றைய டயரியில் 'ரம்மியமான சூழல்' என்று எழுதியிருக்கிறேன்.)

உள்ளே எல்லாம் தயார். கூரையிலிருந்து தரை வரை கரு ஊதா வெல்வெட் திரை. நடுவில் வெள்ளைத் துணி விரித்த பாதை. இருபுறமும் வெள்ளை லில்லி. பாதையின் முடிவில் சிம்மாசனம். அதன் இரண்டு பக்கமும், நான் கேட்காமலே ரிஸ்வி நானா சேர்த்திருந்த இரண்டு பெரிய யானைத் தந்தங்கள், பித்தளைப் பீடத்தில். போலித் தந்தம்தான், ஆனாலும் ராஜ களை. சிம்மாசனத்துக்கு முன்னால் தங்கச் சட்டத்துக்குள் அண்ணனின் கறுப்பு வெள்ளைப் படம், சந்தன மாலையோடு. படத்துக்கு முன்னால் விளக்கு. வாசனை மெழுகுவர்த்தி கிடைக்காததால் சாம்பிராணி புகைந்தது.

"மிஸ், நீங்க சொன்ன எல்லாம் ஈக்கி, ஒண்டும் கொறயல்ல" என்றார் ரிஸ்வி நானா. "ரோட்டுல கட்டக் கொடி மட்டும் தங்கக் கலர் கெடைக்கல்ல. வெள்ள தான் கட்டின."

நாற்பத்து மூன்றில் நாற்பத்து இரண்டரை சரி என்று குறித்துக்கொண்டேன்.

மூன்று இருபதுக்கு முதல் விருந்தாளி வந்தார். புசல்லாவை மாமி, அம்மாவின் தம்பி மனைவி. இரண்டு பஸ் மாறி வந்தவர், வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கையிலிருந்த பரிசுப் பெட்டி கீழே விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையோரமாக நடந்து படத்தருகே போய், நெஞ்சில் கை வைத்தார்.

"சொன்ன மாதிரியே செஞ்சிட்டியே ராசா."

ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். (ராஜா போல அலங்கரித்தால் ராசா என்றுதானே சொல்வார்கள்.)

பிறகு வந்தவர்களும் அப்படியே. வாசல் வரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், உள்ளே கால் வைத்ததும் வாய் மூடினார்கள். எல்லோரும் வெள்ளை உடை. இரண்டு பக்கமும் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்து மடியில் கை கோத்துக்கொண்டார்கள். பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே வந்து வெள்ளைப் பாதையின் மேல் தவழ்ந்தது. அறுபது பேர் இருந்த இடத்தில் விளக்குத் திரி பொரியும் சத்தம் கேட்டது. பிரமித்துப் போய்விட்டார்கள் என்று எனக்குப் புல்லரித்தது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, மடக்கிய குடை. படத்தின் முன் தலை குனிந்து நின்றார். பிறகு என்னருகே வந்து தாழ்ந்த குரலில், உடைந்த தமிழில் கேட்டார்.

"மிஸ், ரோட்டுல கொடி பார்த்து வந்தது. பொடி இன்னும் கொண்டு வரலியா?"

எங்கள் ஊரில் சவத்தைப் பொடி என்பார்கள். அந்த ஒரு கேள்வியில் என் கையிலிருந்த பட்டியல் மறைந்து, மண்டபம் கண்ணில் பட்டது. வீதியில் சாவு வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி. ஊதாத் திரை. மாலை போட்ட படம், அதன் முன் விளக்கு. சவப்பெட்டிக்கு இரு புறமும் வைப்பார்களே, அதே தந்தங்கள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சாவு வீட்டில் இவற்றின் பக்கத்தில் நின்று நானே அழுதிருக்கிறேன்.

ரிஸ்வி நானாவைப் பின்பக்கம் இழுத்துப் போனேன். "இதெல்லாம் எங்கருந்து எடுத்தீங்க?"

"மலர்ச்சாலையில மிஸ். அசல் பித்தள, அசல் வெல்வெட் வேற எங்கயும் இல்ல."

மலர்ச்சாலை என்பது சவப்பெட்டியும் செத்த வீட்டுச் சாமான்களும் கொடுக்கும் இடம். "அந்தத் தந்தம் எதுக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எங்கட ஆக்கள் மௌத்தானா அண்டைக்கே அடக்கிருவோம் மிஸ். தந்தம், திரை ஒண்டும் வைக்கிறல்ல. எனக்கு எங்க தெரியும்? நீங்க தானே காலையில படம் அனுப்பக்குள்ள 'மிக நன்று'ன்னு போட்டீங்க."

போட்டிருந்தேன்.

தந்தங்களையாவது தூக்கிவிடலாம் என்று ஓடி வந்தேன். அப்போது கரண்ட் போனது. மண்டபத்தில் நான்கு பித்தளை விளக்குகளின் வெளிச்சம் மட்டும். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வாசலில் அண்ணன் நின்றார். சரிகை அங்கி, தலைப்பாகை, பின்னால் பனி. முகம் தெரியவில்லை. உட்கார்ந்திருந்த அறுபது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். மாமி ஒரு சத்தம் போட்டார். அழுகையா அலறலா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. சிங்களப் பெரியவர் படத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

அண்ணன் நடந்து வந்தார். வெள்ளைத் துணியில் அவர் காலடி கேட்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி, படம், மாலை, தந்தம் எல்லாவற்றையும் பார்த்தபடி வந்து, சிம்மாசனத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கதிரைக் கையில் இருந்த அவர் விரல்கள் நடுங்கின. பிறகு நடுக்கம் நின்றது. அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. நானே என் அண்ணனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். நான்கு பன்னிரண்டிலிருந்து நான்கு பத்தொன்பது வரை யாரும் அசையவில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்தார். மாமியைப் பார்த்துக் கேட்டார்:

"எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"

பின்னால் நின்ற அண்ணிதான் பதில் சொன்னார்.

"கேக்கு வெட்டிட்டு எடுப்போம். அவசரப்படாதீங்க."

அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தலைப்பாகை சரிந்து மூக்கில் விழும்வரை சிரித்தார்.

"இதுக்குத்தானா ரெண்டு வருஷமா பயந்தேன்? நல்லாத்தானே இருக்கு. லில்லியெல்லாம் வச்சிருக்கீங்க." சுவரோடு நின்ற பெரியவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "வாங்க மாத்தையா, எனக்காக வந்தீங்க, சாப்பிட்டுப் போங்க." பெரியவர் அண்ணனின் கையை இரண்டு முறை தொட்டுப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். அண்ணன் அன்று மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காலையில் அலுவலகத்துக்கு அண்ணனின் போன் வந்தது.

"தங்கச்சி, இன்னைக்கு எனக்குக் கருமாதி. ஒரு ஏற்பாட்டையும் காணோமே?"

அரை நாள் விடுப்பு எடுத்துச் சமைத்தேன். சைவமாகத்தானே இருக்க வேண்டும் என்றதற்கு, செத்தவனுக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும் என்று ஆட்டுக்கறி கேட்டார். அடுத்த வருஷம் அதே தேதிக்குத் திதி என்று வந்து நின்றார். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிறந்தநாள் என்ற பேச்சே இப்போது இல்லை. 'மாமா திதி எப்போ?' என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். வெளியாட்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள்.

போன மாதம் ஏழாவது திதி. வாழையிலையில் எல்லாம் பரிமாறி, காகத்துக்கு வைக்கட்டுமா என்று அண்ணி கேட்டார். "காகம் எதுக்கு, ஆளே வந்திருக்கேன்ல" என்று இலையின் முன் உட்கார்ந்த அண்ணன், ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கறியில உப்பு பத்தல. அடுத்த வருஷம் பார்த்துச் செய்."