ஞாயிறு பத்து மணிக்கு நிற்கும் நெட்

"அன்னைக்கே..." என்று அன்பழகன் ஆரம்பித்ததும் செல்போனில் மகளின் முகம் நின்றுபோனது. வாய் பாதி திறந்தபடி கோகிலவாணி அசையாமல் இருந்தாள். அவள் மடியில் ஐந்து வயது நிலாவும் அப்படியே. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அழைப்பும் துண்டிக்கப்பட்டது.

"மறுபடியும் நெட்டு போயிருச்சு," என்றார் மனைவி கந்தம்மாளிடம்.

"நான் பேசறப்ப ஒன்னும் ஆகறதில்லீங்களே."

"நீ கேக்கறது ரசம் வெச்சியா, தலைக்கு ஊத்துனியான்னு. அதுக்கு எவ்வளவு நெட்டு வேணும்?"

அன்பழகன் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வுபெற்றவர். ஏழு வருடங்களுக்கு முன் கோகிலவாணி புனேயில் உடன் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது சொந்த ஊரான மோகனூரை விட்டு அவர் நகரவில்லை. கந்தம்மாளையும் கல்யாணத்துக்குப் போக விடவில்லை. அப்புச்சி என்று தாத்தாவைக் கூப்பிட ஒரு பேத்தி பிறந்த பிறகுதான் பேச்சு வந்தது. வந்த பேச்சும் ஒவ்வொரு ஞாயிறும் "அன்னைக்கே நான் சொன்னேன்" என்றுதான் தொடங்கும். வாடகை வீடு, மாப்பிள்ளை வேலை, பிள்ளை இளைத்திருப்பது என்று ஒரு சுற்றுப் போய்த்தான் நிற்கும்.

நெட் நிற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதலில் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்ட வேண்டியதை அடுத்த வாரம் திட்டிக்கொள்ளலாம்.

ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மணவறையில் மகளின் கையைப் பிடித்துக்கொடுத்த தகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் அவருக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரியைத் தயார் செய்தார். "அன்னைக்கே நான் வந்திருக்கோணும், சாமி."

மூன்று ஞாயிறாக முதல் சொல்லைத் தாண்ட நெட் விடவில்லை.

ரௌட்டரை அணைத்துப் போட்டார். ஜன்னலுக்கு மாற்றினார். பிறகு பீரோ மேல் ஏற்றினார். அங்கே ஒயர் எட்டாமல் பிளக் பிய்ந்து வந்து, புது பிளக் மாட்டவேண்டியதாயிற்று. கடைசியில் கேபிள்காரர் ரமேஷ்குமாரை வரச்சொன்னார்.

"லைன்ல ஒரு குறையும் இல்லீங்க," என்றார் அவர்.

"குறை இல்லாமத்தான் மூஞ்சி நிக்குதா?"

தப்பித்தால் போதும் என்று ரமேஷ்குமார் வெளியே கை காட்டினார். "வேணும்னா அந்த முருங்கைக் கிளை ஒயர்ல உரசுதுங்க. அதுவா இருக்கலாம்."

முருங்கை பக்கத்து வீட்டுச் சின்னண்ணனுடையது. அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அன்பழகன் ஏணி வைத்து ஏறி அறுத்தார். கிளை ஒயரின் மேல் விழுந்து, அதையும் இழுத்துக்கொண்டு சின்னண்ணன் வீட்டுச் சீட்டுக்கூரையில் இறங்கியது. தெரு முழுக்க நெட் போயிற்று. உள்ளே சின்னண்ணனின் மருமகள் ஆன்லைன் இன்டர்வியூவில் இருந்தாள்.

சாயங்காலம் சின்னண்ணன் வந்து மரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பனுங்களே."

"தப்பு என்மேலதானுங்க. மன்னிச்சுக்கோங்க," என்றார் அன்பழகன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டதென்று. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் வரும் சொல்லுக்கு மகளிடம் ஏழு வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

ரமேஷ்குமார் புது ஒயர் இழுத்தார். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அன்பழகன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ரௌட்டரைப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் கண்ணாடிபோல் வந்தது. கோகிலவாணியின் காதோரம் இரண்டு நரைமுடிகூடத் தெரிந்தது. மகளுக்கு நரை வந்தது அவருக்குத் தெரியாது.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கறேன் கண்ணு." தொண்டையைச் செருமிக்கொண்டார். கந்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அருகில் நின்றாள்.

"கோகிலா... அன்னைக்கே..."

முகம் நின்றுபோனது.

அன்பழகன் கண்ணை மூடித் திறந்தார். இந்த முறை நிறுத்தவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என்று, உறைந்த படத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். அப்போது அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த நிலாவின் மூக்கின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. குழந்தையின் மூக்கு சுருங்கியது, உதடு துடித்தது. கையால் ஈயைத் தட்டிவிட்டு, பக்கத்தில் சிலையாக இருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அப்புச்சி திட்டி முடிச்சுட்டாங்களா? இனி அசையலாமா?"