சோகத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால்

மணி ஒன்பதரை. மேசைமேல் பன்றிக்கறி இருந்தது. மனைவி குளியலறையில் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

கொலை எண்ணமெல்லாம் இல்லை. குழப்பம்தான்.

அன்றைக்கு மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட், ஐந்தாவது தடவை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வருகிறாள். ஆனாலும் நான்கு தடவை "போச்சுங்க" என்று தொங்கிய முகத்தோடு வீடு திரும்பியிருக்கிறாள். நான்கு தடவையும் அவர் ஸ்லோ குக்கரில் பன்றிக்கறியைப் போட்டு, நாள் முழுக்க மெல்ல வேகவைத்து, தொட்டால் உதிரும் பதத்தில் நூடுல்ஸைக் கலந்து ஒரு பெரிய கிண்ணத்தில் நீட்டுவார். பாதிக் கிண்ணம் இறங்கியதும் அவள் முகம் ஷட்டர் தூக்கின கடை மாதிரி வெளிச்சமாகிவிடும். "நாள் பூரா இழுக்கிற வேலை, சும்மாவெல்லாம் செய்ய முடியாது" என்பது அவர் கட்சி. ஆகவே டெஸ்ட்டில் தோற்ற நாளைத் தவிர வேறெந்த நாளும் அந்தச் சாப்பாடு அந்த வீட்டில் கிடையாது.

இதுவரை டெஸ்ட் காலையில் நடந்தது. பத்து மணிக்குத் தோற்றால், பத்தரைக்குக் குக்கரைப் போடலாம். இந்தத் தடவை மதியம் மூன்று மணிக்கு வைத்துத் தொலைத்துவிட்டார்கள். கறிக்கு எட்டு மணி நேரம் வேண்டும். அதாவது அவள் தோற்பதற்கு முன்பே ஆறுதலை அடுப்பில் ஏற்றியாக வேண்டும். அதை அவள் பார்த்துவிட்டால்? "நீ தேற மாட்டே" என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த மனவருத்தத்தோடு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தேறுகிறவளும் தேறமாட்டாள்.

கறியை அவசரமாக நறுக்கி, வெங்காயம் பூண்டோடு குக்கரில் தள்ளி, சுவிட்சைப் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். கால் மணி நேரத்தில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, என்ன வாசனை?"

"மாடியில யாரோ சமைக்கிறாங்க போல."

பொய் சொல்லியாயிற்று. இனி அதை உண்மையாக்கியே தீர வேண்டும். குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

மாடியில் இருந்தது ஓய்வுபெற்ற நர்ஸம்மா. கதவைத் திறந்ததும் குக்கரைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன தம்பி, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் இது இங்க இருக்கட்டும் நர்ஸம்மா. மூடியை மட்டும் திறக்காதீங்க. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரம் பின்னாடி போயிடும்."

"ஐ.சி.யூ.வையே பாத்தவ நான். பார்வையாளர் அனுமதி இல்லை, அவ்வளவுதானே?" என்றவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்கில் விரலை வைத்தார். "சரி, ஒருவேளை பாஸ் பண்ணிட்டா?"

கண்ணாடிக்கடைக்காரர் திகைத்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை. ஜெயித்து வருகிறவளுக்குத் தோற்றவளின் சாப்பாட்டைக் கொடுப்பதா? வீட்டுக்கு இறங்கி வந்ததும் போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேக்கரிக்குச் சொன்னார். "'வாழ்த்துகள்'னு எழுதி ஒரு கேக். சாயங்காலம்."

பன்னிரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தவள் மனைவி.

"சாயங்காலம் கடை லீவும்மா, அதான் இப்பவே கொண்டாந்துட்டேன்" என்று பேக்கரிக்காரம்மா பெட்டியை அவள் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"ஏங்க, யாருக்கு வாழ்த்து?"

டெஸ்ட்டுக்கு முன்னாலேயே ஜெயித்ததாகக் கொண்டாடினால் அவள் பதற மாட்டாளா? வாயில் வந்ததைச் சொன்னார். "மாடி நர்ஸம்மாவுக்குப் பொறந்தநாள்."

"அடடே! வாங்க, ரெண்டு பேருமே போய்க் குடுத்துட்டு வந்துரலாம்."

"நீ எதுக்கு அலையணும்? டெஸ்ட் இருக்கே. நான் போயிட்டு..."

அவள் ஏற்கெனவே பாதிப் படிக்கட்டில் இருந்தாள்.

"பொறந்தநாள் வாழ்த்துகள் நர்ஸம்மா!"

நர்ஸம்மா கேக்கைப் பார்த்தார். மனைவிக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"ஞாபகம் வெச்சிருக்கீங்களே, சந்தோசம்" என்றார்.

"ஆனா போன மாசந்தானே உங்களுக்கு..."

"அது நெசமாவே பொறந்த நாள். இது சர்டிபிகேட்ல பொறந்த நாள்."

மனைவி தலையாட்டினாள். அவள் பார்வை மெல்ல நகர்ந்து சமையல் மேடையில் போய் நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிய கையை இறக்கவே இல்லை.

"உங்ககிட்டயும் இதே குக்கர் இருக்கா நர்ஸம்மா?"

"புதுசா வாங்கினேன்."

"எங்களுது மாதிரியே கைப்பிடி உடைஞ்சிருக்கே?"

"இப்பல்லாம் அப்படித்தான் விக்கிறாங்க போல."

மனைவி குக்கர் பக்கம் குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. நர்ஸம்மா ஊட்டிய கேக்கைச் சாப்பிட்டாள், அவருக்கும் ஊட்டினாள். ஒரு மணிக்கு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டெஸ்ட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

கண்டுபிடிக்கவில்லை! கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் சரிந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற தனக்கு, இப்படிக் கண் முன்னால் இருப்பது தெரியாத மனைவி வாய்த்ததை எண்ணி முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். தோள் தொங்கியிருந்தது.

"போச்சுங்க."

"எதுலம்மா?"

"ரிவர்ஸ்லதான். வழக்கம்போல."

அவர் மாடிக்கு ஓடிக் குக்கரைத் தூக்கி வந்தார். நூடுல்ஸைப் போட்டுக் கிளறி, கிண்ணம் நிறைய எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஆவி முகத்தில் அடிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிங்க அதுக்குள்ள?"

"நர்ஸம்மா குடுத்தாங்க. பொறந்தநாள் ஸ்பெஷல்."

"நல்ல மனசு அவங்களுக்கு" என்றாள் அவள், கறித்துண்டை விரலால் உதிர்த்தபடி. முதல் கிண்ணம் காலியாயிற்று. இரண்டாவதும் பாதி இறங்கியது. முகத்தில் ஷட்டர் தூக்கிவிட்டது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. தோற்றால் என்ன, இவளைத் தேற்ற நான் இருக்கிறேன்.

"அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி மறுபடியும் இருக்குங்க" என்றாள். "அன்னைக்கு உங்களுக்கு லீவா?"

"லீவு போட்டுக்கறேன். நீ தைரியமா இரு."

வாசல் மணி அடித்தது. அவர் போய்த் திறந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண், கையில் ஒரு காகிதத்தைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றாள்.

"மேடம் இருக்காங்களா சார்? நான் பாஸ் பண்ணிட்டேன். எங்க ஸ்கூல்ல ஆறு மாசமா எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்குடுத்தது அவங்கதான், அதுலயும் அந்த ரிவர்ஸ் இருக்கே, அவங்களை மாதிரி யாராலயும் சொல்லிக்குடுக்க முடியாது சார்!"