நம் சபையில் ஒருவர்

“இது என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கீங்க?”

வேலுத்தாய் வாசலில் நின்றாள். தலையில் முட்டைக்கோஸ் கூடை. சபையின் மாதப் பத்திரிகை நனையாதபடி முந்தானைக்குள் பத்திரமாக இருந்தது. அவள்தான் தொப்பலாக நனைந்திருந்தாள்.

உபதேசியார் மாசிலாமணி வாயிலிருந்த பல்பொடியோடு விழித்தார்.

“எதும்மா?”

“மூணாம் பக்கம். ‘சிந்தனை’ன்னு போட்டு உங்க பேரு போட்டிருக்கே. என் மக வாசிச்சா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பத்திரிகையை வாங்கினார். அச்சாகிவிட்டது. அச்சாகாது என்று நம்பியிருந்தார்.

கொடைக்கானல் கடைத்தெருவுக்குக் கீழே சரிவில் இருந்த அந்த லுத்தரன் சிற்றாலயம், கோடைக்கு வரும் மிஷனரிமார்களுக்காகக் கட்டியது. ஜூன் மாதம் அவர்கள் இறங்கிப் போனதும் பதினான்கு தமிழர்களும் மாசிலாமணியும் மிச்சம். பத்திரிகை ஆசிரியர் திருச்சியிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு கார்டு போடுவார்: ‘தங்கள் சபைச் செய்தியும் ஒரு சிந்தனையும் அனுப்பவும்.’ ‘பனி அதிகம். ஆராதனைக்கு வந்தோர் பதினான்கு’ என்று ஒன்பது வருடமாக அவர் எழுதி அனுப்பினார். ஆசிரியரும் ஒன்பது வருடமாக அதைப் போடவில்லை.

1958 செப்டம்பரில் அவர் பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது பேனா வேறு எதையோ எழுதிவிட்டது:

‘நம் சபையில் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் வருகிறார். எல்லோருடனும் பாடுகிறார். கண்ணை மூடுகிறார். ஆனால் அவர் உண்மையாக ஜெபித்து வெகு காலம் ஆயிற்று. கண்ணை மூடினால் இருட்டுதான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் இது தெரியாது. அவருக்காக ஜெபியுங்கள்.’

திரும்பப் படித்தால் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று பயந்து, படிக்காமலே தபாலில் போட்டுவிட்டார்.

“நெசம்தான் ஐயா,” என்று வேலுத்தாய் கூடையை இறக்கினாள். “கண்ண மூடினா எனக்குப் பூண்டு விலைதான் தெரியுது. வத்தலக்குண்டுல என்ன விலை, திண்டுக்கல்லுல என்ன விலைன்னு ஓடுது. இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அம்மா, அது நீங்க இல்ல.”

“நான் இல்லையா?” அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “அப்ப யாரு?”

மாசிலாமணிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். விசுவாசம் வற்றிப்போன உபதேசியாரை எந்தச் சபை வைத்துக்கொள்ளும்? குடியிருக்கும் வீடும் சபை வீடு.

“அது… ஒரு ஆம்பளை,” என்றார்.

அன்றைக்கு அவர் செய்த முதல் தப்பு அது.

*

சபையில் மொத்தம் ஆறு ஆண்கள். மதியத்துக்குள் ஆறு பேர் வீட்டிலும் சண்டை.

முதலில் வந்தவன் பொன்னுவேல். மிஷனரி பங்களா ஒன்றில் பட்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசிப்பவன். உள்ளே வந்ததும் வராததுமாக ஆர்மோனியப் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்தான்.

“ரிசைன் பண்றேன் ஐயா.”

“எதுக்கு?”

“‘எல்லோருடனும் பாடுகிறார்’னு எழுதிட்டீங்க. அப்புறம் என்ன? சீசன்ல நான் வாசிக்கும்போது மனசு பங்களா அடுப்புலதான் கெடக்கும். கேக்கு கருகிருமோன்னு. கடைசிப் பாட்டை நான் வெரசா வாசிக்கிறதைக் கவனிச்சிருக்கீங்க, இல்ல?”

“பொன்னுவேல், அது நீ இல்லப்பா.”

“என் பொண்டாட்டி நான்தான்னு சொல்லிட்டா. அவளுக்குத் தெரியாதா?”

ஆர்மோனியம் இல்லாமல் பதினான்கு பேர் பாடினால் எப்படி இருக்கும் என்பது மாசிலாமணிக்குத் தெரியும். ஒரு முறை கேட்டிருக்கிறார்.

“நம்ம சபையே இல்லப்பா!” என்றார் அவசரமாக. “நம்ம சபைன்னா… பொதுவா, மலையில இருக்கிற சபைன்னு அர்த்தம்.”

பொன்னுவேல் யோசித்தான். மலையில் அவர்களை விட்டால் இன்னொரு லுத்தரன் சபைதான் இருந்தது.

“தாண்டிக்குடியா?”

மாசிலாமணி இல்லை என்று சொல்லவில்லை. மழையைப் பார்த்தார். பொன்னுவேல் சாவியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

மூன்றாம் நாள் காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்து நின்றது. தாண்டிக்குடி உபதேசியார் திரவியமும் மூன்று பேரும் இறங்கினார்கள். திரவியம் உட்காரவில்லை.

“எங்க சபையில இருக்கிறதே ஒன்பது பேரு, மாசிலாமணி. அதுல நாலு பேரு இந்தா நிக்கிறோம். இதுல எவன்னு கையைக் காட்டும்.”

“யாரும் இல்லிங்க.”

“அப்ப மிச்ச அஞ்சு பேருல ஒருத்தனா?”

“அவங்களும் இல்லிங்க.”

“பின்ன எதுக்குய்யா எங்க பேரைக் கெடுத்தீரு? கல்யாணம் பேசியிருந்த இடத்துல, ‘உங்க சபையில ஜெபம் இல்லையாமே’ன்னு கேக்குறாங்க. என் தம்பி மகளுக்கு ரெண்டு வருஷமா பாத்த மாப்பிள்ளை!”

மாசிலாமணியின் மனைவி ஞானசுந்தரி நான்கு பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். நான்கு பேரும் குடிக்க மறுத்தார்கள். தாண்டிக்குடிக்காரர்கள் காப்பி வேண்டாம் என்று சொன்னதை மாசிலாமணி அன்றுதான் பார்த்தார். விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று அப்போது புரிந்தது.

அவர்கள் போனதும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த இதழில் ஒரு விளக்கம் போட்டே ஆகவேண்டும் என்று கெஞ்சினார்.

*

விளக்கம் வருவதற்கு முன்னால் திருமலைச்சாமி வந்தார்.

பள்ளங்கியில் பூண்டு போடும் விவசாயி. சபைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கார்த்திகைக்குக் கார்த்திகை குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிறவர். வேலுத்தாய் அவரிடம் எதையோ பொட்டலம் கட்டிக் கொடுத்த தாளில் மூணாம் பக்கம் இருந்திருக்கிறது. அதை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார்.

“ஐயா, நான் உங்க ஆளு இல்ல,” என்று தயங்கினார். “ஆனா இது என்னைப் பத்தி எழுதினது மாதிரியே கெடக்கு. சன்னதியில நிப்பேன். கை கூப்புவேன். உள்ள ஒண்ணும் இருக்காது. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல.”

மாசிலாமணி அவர் பக்கம் நெருங்கி வந்தார்.

“எத்தனை நாளா?”

“மழை இல்லாத வருஷம் ஒண்ணு வந்துச்சே, அதுலேர்ந்து. அப்புறம் மழை வந்துருச்சு. இது போகல.” தாளைப் பிரித்து மறுபடி மடித்தார். “நான் வெள்ளனே கெளம்பி வந்தது ஒண்ணு கேக்கத்தான். இந்த ஆளுக்கு அப்புறம் சரியாயிருச்சா?”

“இன்னும் இல்லிங்க,” என்றார் மாசிலாமணி.

திருமலைச்சாமி தலையாட்டினார். “சரியானா சொல்லி அனுப்புங்க.” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் நடந்தார். அவர் பின்னால் ஓடிப்போய் அது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது மாசிலாமணிக்கு. குடையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் பனிமூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

*

நவம்பர் இதழ் வந்தது. ஆசிரியர் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்:

‘சென்ற இதழில் வெளியான சிந்தனை எவர் ஒருவரையும் குறிப்பதல்ல.’

மாசிலாமணி நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரு மணி நேரம் அந்த நிம்மதி நீடித்தது.

“ஒருத்தரைக் குறிக்கலன்னா என்ன அர்த்தம்?” என்று பொன்னுவேல் கடைத்தெருவில் கேட்டான். “மொத்தப் பேரையும் குறிக்குதுன்னுதானே அர்த்தம்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. பதினான்கு பேரும் வந்தார்கள். தங்களுக்குச் சாட்சி சொல்ல உறவுக்காரர்களையும் கூட்டிவந்தார்கள். தாண்டிக்குடியிலிருந்து ஒன்பது பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவரைவிட ஒருவர் சத்தமாகப் பாடினார்கள். பொன்னுவேல் கடைசிப் பாட்டை எவ்வளவு மெதுவாக வாசித்தான் என்றால், ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் நடுவில் வெளியே மழை விட்டு மறுபடி பிடித்தது. வேலுத்தாய் முழங்காலில் விழுந்து பண்ணிய ஜெபம் இருபத்தைந்து நிமிடம். அவள் முடிக்கக் காத்திருந்த திரவியம் முப்பது நிமிடம் பண்ணினார்.

சுவரில் சட்டம் போட்டிருந்த மார்ட்டின் லுத்தர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் தாங்காது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. எழுந்து பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. அது வேலுத்தாய் இல்ல. பொன்னுவேல் இல்ல. தாண்டிக்குடிக்காரங்களும் இல்ல. அந்த ஆள் நான்தான். நான்தான் ஜெபம் பண்ண முடியாம ஒரு வருஷத்துக்கு மேல இங்க நிக்கிறேன். உங்களை ஏமாத்தியிருக்கேன். மன்னிச்சிருங்க.”

கூரைத் தகரத்தில் விழும் மழை மட்டும் கேட்டது.

பிறகு வேலுத்தாய் பெரிதாக விம்மினாள்.

“பாத்தீங்களா! நம்ம பாவத்தையெல்லாம் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டாரே!”

“இல்லம்மா, நெசமாவே…”

“இப்படி ஒரு தாழ்மையை நான் பாத்ததில்ல,” என்று திரவியம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். “மாசிலாமணி, நான் பேசினதை மறந்துரும்.”

“திரவியம், தயவுசெஞ்சு நம்புங்க. என்கிட்ட விசுவாசமே இல்ல!”

“கேட்டீங்களாய்யா,” என்று திரவியம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பரிசுத்தவான்கதான் இப்படிச் சொல்லுவாங்க!”

பொன்னுவேல் ஆர்மோனியத்தை அழுத்த, எல்லோரும் அழுதுகொண்டே பாடினார்கள். மாசிலாமணி நடுவில் நின்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முழு உண்மையைச் சொல்லியிருந்தார். நம்புவதற்கு அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் ஞானசுந்தரி குடையை மடக்கி மூலையில் வைத்தாள்.

“நான் நம்புறேங்க,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு வருஷமா சாப்பாட்டு ஜெபத்தை ரெண்டே வார்த்தையில முடிக்கிறீங்க. சோறு ஆறிடுமேன்னுதான் அவசரப்படுறீங்கன்னு நெனைச்சேன்.” கொடியிலிருந்து துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீயும் பயந்துருவேன்னு…”

“பயமாத்தான் இருக்கு,” என்றாள்.

புதன்கிழமை வத்தலக்குண்டிலிருந்து கடிதம் வந்தது. போதகர் சத்தியவாசகம் எழுதியது. சுற்றுவட்டாரச் சபைகள் அடங்கிய சேகரம் முழுவதற்கும் அவர்தான் மேல் அதிகாரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஞானோபதேச வினாவிடையில் ஒரு கேள்விக்குப் பதில் தடுமாறியதற்காக ஒரு உபதேசியாரை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தவர். கடிதத்தில் மூன்று வரி:

‘தாங்கள் எழுதியதை வாசித்தேன். ஞாயிறன்று நடந்ததையும் கேள்விப்பட்டேன். வியாழன் நண்பகல் வருகிறேன். தங்களைத் தனியே காண வேண்டும்.’

“அவரும் நம்பிட்டாரு,” என்றார் மாசிலாமணி.

ஞானசுந்தரி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். சபை வீட்டில் எது தங்களுடையது, எது சபையினுடையது என்று பிரித்து வைக்கத் தொடங்கினாள். தங்களுடையது ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது. மாசிலாமணி உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். அவர்களாகத் தள்ளுவதற்கு முன்னால் தானாகப் போவது கௌரவம் என்று சொல்லிக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் மலையை விட்டு இறங்கி என்ன சோலி பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைத்தெருவில் யாருக்காவது கணக்குப்பிள்ளை வேண்டியிருக்குமா என்று யோசித்தார். கணக்கும் வராது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போதகரின் ஜீப் மேட்டில் வந்து நின்றது. மாசிலாமணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். பின்னால் ஞானசுந்தரி கட்டிய பெட்டியோடு நின்றாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. ஜீப்பிலிருந்து யாரும் இறங்கவில்லை. கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் டிரைவர் வேலப்பன் மட்டும் ஒரு நீளமான உறையோடு சரிவில் மெதுவாக இறங்கி வந்தான். அரக்கு முத்திரை வைத்த உறை.

இறங்கிவந்து முகத்துக்கு நேராகத் திட்டக்கூட விருப்பமில்லை போலிருக்கிறது என்று மாசிலாமணி நினைத்தார். கண் கலங்கியது. தன் கடிதத்தை நீட்டினார்.

“என்னைத் தள்ள வேண்டியதில்லன்னு போதகரய்யாகிட்டச் சொல்லுங்க. நானே வெலகிக்கிறேன்.”

வேலப்பன் அதை வாங்கவில்லை. ஜீப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, இது போதகரய்யாவோட ராஜினாமாங்க, ‘ஜெபம் வராததை இருபது வருஷமா மறைச்சு வச்சது மாசிலாமணிக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, பேரு போடாம எழுதி மானத்தைக் காப்பாத்தினது பத்தாதுன்னு ஞாயித்துக்கெழம பழியையும் அவரே ஏத்துக்கிட்டாரு, இனி எந்த மொகத்தோட இறங்கி வருவேன்’னு உள்ள உக்காந்து அழுதுக்கிட்டிருக்காருங்க.”