உயிரோடு இருப்பவரின் போட்டோ

மனைவியின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னுடைய முகத்தை எதை வைத்து மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார் வுகாஷின்.

கறுப்புக் கல்லில் பதித்த பீங்கான் போட்டோவில் தெசாங்காவும் அவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். மொராவா ஆற்றங்கரையில் அதுதான் வழக்கம். ஒருவர் போனதும் கல்லில் இருவரையும் பதித்துவிடுவார்கள். போனவருக்கு இரண்டு தேதி. இருப்பவருக்குப் பிறந்த தேதியும் ஒரு கோடும். மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார். கல் நட்ட அன்று வுகாஷினுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவே வினையாக வந்து நின்றது.

காரணம் ஸ்தாமெனா. அக்கரையிலிருந்து வந்து இந்த ஊரில் குடியேறிய விதவை. வுகாஷினைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள்.

“சனிக்கிழமை உங்க வீட்டம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வர்றது மரியாதை இல்லைங்க.”

நல்ல மனசு. ஆனால் தான் கட்டிக்கொள்ளப்போகிறவர் கல்லறையில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எந்தப் பெண் நிற்பாள்? தனியாகச் சூப் வைத்து, தனியாகக் குடித்து, தனியாகக் கிண்ணம் கழுவி அவருக்கு வாழ்க்கை வெறுத்துப்போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இன்னொன்று அமையப்போவதில்லை.

பூக்கடையில் பெரிய மலர்வளையமாக ஒன்றை வாங்கிவந்து, தன் முகத்தின்மேல் சாய்த்துவைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துத் தெரு ரூஷிகா தலையில் கறுப்புத் துணியும் கையில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் அவித்த கோதுமைக் கிண்ணமுமாக நின்றாள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஐயோ, யாரு போயிட்டாங்க அக்கா?” என்று பதறினார் வுகாஷின்.

“நீதான்டா.”

“நானா?”

“உன் போட்டோ மேல புது வளையம் கெடக்குதே! ஊரே அழுதுக்கிட்டிருக்கு. பாதிரியார் அங்கி மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.”

“கல்லுல போட்டோ இருந்தா செத்துட்டேன்னு அர்த்தமா அக்கா?”

“போட்டோ சுவத்துல இருந்தா ஞாபகம். பர்ஸுல இருந்தா பாசம். கல்லுல இருந்து அதுமேல பூவும் விழுந்துட்டா, வேற என்னடா அர்த்தம்?” கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். “அவிச்சது வீணாப்போகக் கூடாது. நீயே சாப்பிடு.”

வுகாஷின் மூச்சிரைக்க ஓடினார். பாதிரியாரை வழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, வளையத்தைப் பிடுங்கி எறிந்தார். மறைத்தால்தானே வம்பு? தன் பாதியை மட்டும் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று பையிலிருந்த கத்தியை விட்டு ஓரத்தில் நெம்பினார்.

பீங்கான் விரிசல் விட்டது. அவர் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. விரிசல் தெசாங்காவின் நெற்றியில் தொடங்கி முகவாய் வரை இறங்கியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் இறந்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

“மன்னிச்சிடு தெசா. உன்னை விட்டுட்டுப் போகணும்னு இதைச் செய்யல. வீட்டுல பேச ஒரு ஆள் இல்லடி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கல்தச்சன் திஹொமிரின் பட்டறைக்குப் போனார்.

“தம்பி, தெசாங்கா மட்டும் இருக்கிற மாதிரி புதுசா ஒரு போட்டோ பதிச்சுக் குடு. சனிக்கிழமைக்குள்ள வேணும்.”

“ஏன், நீங்க எங்க போறீங்க?”

வுகாஷின் தலையைக் குனிந்துகொண்டார். “கல்யாணம் பண்ணிக்கப்போறேன். அக்கரை ஸ்தாமெனாவை. இந்தக் கோலத்துல என்னைக் கல்லுல பாத்தா அந்தம்மா ஓடியே போயிடுவாங்க.”

திஹொமிர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

“அவங்களா ஓடுவாங்க? அக்கரையில மூணு புருஷங்க கல்லுலயும் பக்கத்துல அவங்க போட்டோதான் இருக்கு. உங்க கல்லுல பதிக்கறதுக்கு நாலாவதை நேத்தே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாங்க.”