உப்புக் கொட்டடி வைத்தியம்

"மொதலாளி, இருளாண்டி மறுபடியும் சாஞ்சுட்டான்."

சங்கு வியாபாரி ஹமீது சுல்தானின் கையிலிருந்த சங்கு நழுவிக் கால் விரலில் விழுந்தது. வலியைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

"எப்ப?"

"காலம்பற பாத்தேன். பாயில படுத்துக்கிட்டு முளைப்பாரிப் பாட்டுப் படிக்கிறான். சாராய வாடை வாசல் வரைக்கும் வருது."

சொன்னவர் கூத்தையா. கொழும்பு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியவர். தலையில் கை வைத்தபடி சங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மதுவிலக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கள்ளுக்கடைகளை மூடினார்கள், குடியை மூட முடியவில்லை. பனங்காட்டுக்குள் பட்டைச் சாராயம் காய்ந்தது. அதுவும் கிடைக்காதவர்கள் தச்சுப் பட்டறை வார்னிஷைக் குடித்துக் கண்ணை இழந்தார்கள். போலீஸ் பிடித்துப் போய் உள்ளே வைத்தது. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பனங்காட்டுக்குள் ஒதுங்கினார்கள்.

கூத்தையாவிடம் ஒரு யோசனை இருந்தது. "பத்து நாள் மருந்து குடுத்து அனுப்புறதெல்லாம் வைத்தியமே இல்ல மொதலாளி. நிறுத்த வைக்கிறது லேசு. நிறுத்தினவனை அப்படியே வச்சிருக்கிறதுதான் கஷ்டம். ஒரு வருசம் கூடவே வச்சுக்கிறணும். கைக்கு வேலை குடுக்கணும். வீட்டுக்கு அனுப்பின பிறகும் அடிக்கடி போய்ப் பாக்கணும். இந்தப் பக்கம் இதுவரைக்கும் யாரும் செய்யல."

இந்த யோசனையைச் சுமந்துகொண்டு அவர் ராமநாதபுரம் வரை பல வாசல் ஏறினார். எல்லாரும் மோர் கொடுத்து அனுப்பினார்கள். முதல் போட்டவர் ஹமீது சுல்தான் ஒருவர்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி மஹ்மூது கொழும்பில் குடித்தே செத்தவன். காய்ச்சலில் போனான் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மையித்தின் முகத்தைப் பார்க்கக்கூட அண்ணனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கூத்தையா பேசிக்கொண்டே இருந்தபோது, "அப்ப இப்படி ஒரு இடம் இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பானா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்துபோய், கடற்கரையில் சும்மா கிடந்த தன் பழைய உப்புக் கொட்டடியின் சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

கொட்டடியில் ஆறு பேர் சேர்ந்தார்கள். கயிறு திரித்தார்கள், வலை முடிந்தார்கள், கூத்தையாவின் கசாயத்தைக் குடித்து முகம் சுளித்தார்கள். முதலில் வந்தவன் வேதாளை இருளாண்டி. வள்ளத்தில் துடுப்புத் தண்டு வலிக்கிறவன். தோளைப் பார்த்தாலே தெரியும். வந்தபோது அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஆறு மாதத்தில் உடம்பு தேறி நடை நேரானது. கீழக்கரை வியாபாரிகள் இருவர் காதுக்குச் செய்தி எட்டியது. "அந்த ஆளை ஒரு வருசம் குடியில்லாம நிறுத்திக் காட்டுங்க. திருவாடானையில இன்னொரு இல்லம் திறக்க நாங்க முதல் போடுறோம்" என்றார்கள்.

ஆறாம் மாதம் வெள்ளோட்டமாக இருளாண்டியை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கேயும் அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. கூத்தையா தினம் போய் வாயை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். பத்து நாள் தங்க வேண்டியவனை அவன் பெண்சாதி சோணையம்மாள் ஒரே வாரத்தில் தானே கொண்டுவந்து விட்டாள்.

"நம்ம இடத்து மேல அந்தப் பொம்பளைக்கு என்னா நம்பிக்கை பாத்தியா!" என்று ஹமீது சுல்தான் நெகிழ்ந்து போனார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. இருளாண்டி சாய்ந்தது இது மூன்றாம் தடவை.

"சாராயத்துக்குக் காலா முளைச்சிருக்கு, தானா நடந்து உள்ளே வர?" என்றார் ஹமீது சுல்தான். "வாசல்ல ஒரு ஆளைப் போடு."

பட்டாளத்தில் இருந்து வந்த செல்லச்சாமியைக் காவலுக்குப் போட்டார்கள். மீசையே பாதி காவல் காக்கும். மீன்காரியின் கூடையைக்கூடக் கவிழ்த்துச் சோதித்தான். கூத்தையாவின் மருந்துப் பெட்டியையும் விடவில்லை. ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அடுத்த வாரம் செல்லச்சாமியும் இருளாண்டியும் ஒரே பாயில், ஒருவன் கழுத்தை ஒருவன் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"ஏலே, உனக்கு எப்படிடா கிடைச்சுது?" என்று கூத்தையா உலுக்கினார்.

"அவன் பாய்க்கு அடியில இருந்து பறிமுதல் செஞ்சேன் அய்யா."

"பறிமுதல் செஞ்சதை எங்கிட்ட குடுக்க வேண்டியதுதானே?"

"உங்களைத் தேடிப் போற வழியில யாராச்சும் பிடுங்கிக் குடிச்சுட்டா? அதான் பத்திரமா வச்சுக்கிட்டேன்" என்று செல்லச்சாமி வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

ஹமீது சுல்தானுக்கு இப்போது கசாயத்தின் மேல் சந்தேகம் வந்தது. வெளியிலிருந்து வராத சாராயம் உள்ளேயே காய்கிறதோ? கூத்தையாவைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"தப்பா நெனைக்காதே. என் முன்னால ஒரு பாட்டில் குடிச்சுக் காட்டு."

கூத்தையா கண் கலங்கினார். மறு பேச்சுப் பேசாமல் ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்தார். போதை ஏறவில்லை. வயிறுதான் பிடுங்கிக்கொண்டது. இரண்டு நாள் சவுக்குத் தோப்பை விட்டு அவரால் வர முடியவில்லை. அவர் இல்லாத அந்த இரண்டு நாளில், இருளாண்டி பங்கு கொடுக்க, ஆறு பேரும் சாய்ந்தார்கள். ஒருவன் கடலுக்குள் இறங்கி நடந்தான். முழுகப் போனவனைக் கரைவலைக்காரர்கள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மற்ற குடும்பங்கள் வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. இருளாண்டி மட்டும் மிஞ்சினான்.

அன்று சாயந்திரம் சோணையம்மாள் வந்தாள். வேதாளையிலிருந்து வெயிலில் நடந்தே வருகிறவள். விறகு சுமந்து விற்றுவிட்டு, தலையில் பழைய சோற்று நீச்சத்தண்ணிக் கலயத்தோடு வருவாள். புருசனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"இவுகளை எப்ப மொதலாளி வீட்டுக்கு அனுப்புவீக?"

"இன்னும் கொஞ்ச நாள்தான் தாயி. மனசைத் தளர விடாத" என்று ஹமீது சுல்தான் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

அன்றைக்கு அவருக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. "கூத்தையா, நாம ரெண்டு பேரும் மடையனுக. அவனுக்குச் சீக்கு குடியில்ல, பிரிவு. பெண்சாதி ஏக்கத்துல குடிக்கிறான். அந்தப் பிள்ளையைத் தினம் வரச் சொல்லு."

சோணையம்மாள் தினம் வந்தாள். இருளாண்டி தினம் சாய்ந்தான்.

"ஏக்கம் கூடிப்போச்சு" என்றார் ஹமீது சுல்தான். "பாத்துட்டுப் பிரியறது இன்னும் கொடுமை இல்லையா?"

கூத்தையாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அவரிடம் வேறு யோசனையும் இல்லை. இதற்குள் கீழக்கரை வியாபாரிகள் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருசம் முடியவில்லை, ஆனாலும் பார்க்க வேண்டுமாம்.

"நல்லதாப் போச்சு" என்றார் ஹமீது சுல்தான். "அவங்க கண் முன்னாலேயே இருளாண்டிக்கு மாலை போட்டு, பெண்சாதி கையில பிடிச்சுக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவோம். அவங்களும் பாத்த மாதிரி ஆச்சு, இவன் ஏக்கமும் தீந்த மாதிரி ஆச்சு."

வியாழக்கிழமை முழுக்கக் கூத்தையா இருளாண்டியின் இடுப்பு வேட்டியைத் தன் வேட்டியோடு முடிந்துகொண்டு நடந்தார். சோணையம்மாளைக்கூட உள்ளே விடவில்லை. "நாளைக்கு மொத்தமா கூட்டிட்டுப் போகப்போறே, போ" என்று வாசலிலேயே அனுப்பினார். அதைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சந்தோசத்தில் அப்படி ஆகும் என்று கூத்தையா எண்ணிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இருளாண்டி சுத்தமாக இருந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சம்பங்கி மாலையோடு கொட்டடி வாசலில் நின்றான். கண்ணில் சிவப்பு இல்லை. வாயில் வாடை இல்லை. கூத்தையா தன் வேட்டி முடிச்சை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஹமீது சுல்தான் ஜும்மா தொழுத கையோடு வந்தவர், மணலில் நடந்துகொண்டே ரோட்டைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது சோணையம்மாள் கலயத்தோடு வந்தாள்.

"வா தாயி! அந்த நீச்சத்தண்ணியை இங்கிட்டுக் குடு. தொண்டை காஞ்சு போச்சு."

அவள் பின்னால் நகர்ந்தாள். "வேணாம் மொதலாளி. புளிச்சுக் கிடக்கு."

"புளிச்சாத்தான் நீச்சத்தண்ணி. குடு."

"எங்க வீட்டுக் கலயம் மொதலாளி, நீங்க போயி..."

"உங்க வீட்டுக் கலயம்னா என்னா? நானும் மனுசன்தானே?" என்று அவர் வாஞ்சையோடு கலயத்தைப் பிடுங்கி, அண்ணாந்து, கடகடவென்று ஊற்றிக்கொண்டார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் தொண்டையிலிருந்து தொப்புள் வரை தீப்பிடித்தது. வாழ்நாளில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர், கண் பிதுங்க, தாடி நனைய, மூக்கு வழியாகச் சாராயத்தைச் சிந்தினார். "யா அல்லா!" என்று கத்த நினைத்தார். காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. இறங்கிய வியாபாரிகளை நோக்கி அவர் தள்ளாடிப் போய், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

இருவரில் பெரியவர் பதில் சலாம் சொல்ல வாயைத் திறந்தார். வாடை முகத்தில் அடித்தது. பாதி சலாமோடு வாயை மூடிக்கொண்டார்.

"ஜும்மா நாளுமா இப்படி, ஹமீது சுல்தான்?" என்றார் மற்றவர்.

"அது இல்ல... நான் நீச்சத்தண்ணின்னு..."

"நோயாளி தெளிவா நிக்கிறான். முதலாளியைத்தான் முதல்ல உள்ளே சேர்க்கணும் போல" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். புழுதி அடங்க வெகு நேரமாயிற்று.

கூத்தையா மணலில் கிடந்த கலயத்தை எடுத்து முகர்ந்தார். "நீயா? இத்தனை நாளும் நீயா?" என்றார். "ஆறு குடும்பம் நம்பி வந்துச்சே. ஒருத்தன் கடல்லேயே போயிருப்பானே! விறகு வித்த காசுல இதையா வாங்கினே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கொட்டடி வாசலில் இருளாண்டி, மாலை கசங்காமல், அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹமீது சுல்தான் மணலில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "அவனை மனுசனாக்கி உங்கிட்ட குடுக்கத்தானே தாயி இவ்வளவும் செஞ்சேன். என் தம்பியை நெனைச்சுச் செஞ்சேன். அவன் தெளிஞ்சா உனக்கு என்னா நட்டம்?"

சோணையம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வாசலில் நின்றவனுக்குக் கேட்டுவிடாமல் மெல்லச் சொன்னாள்:

"குடிச்சிருந்தாகன்னா பாதி அடி சுவத்துல விழும் மொதலாளி, நீங்க தெளிய வச்சு அனுப்பின அந்த வாரத்துல ஒண்ணுகூடத் தப்பலை."