மரணக்கொம்பனும் கடைசி ஒரு சதவீதமும்

ஒரு காட்டில் எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. புலிகூட முறைப்படிதான் சாப்பிட்டது. வாரம் ஒருவர், வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. பெரிய மருதமரத்தில் பட்டியல் ஒட்டியிருக்கும். எண் வந்தவர் குளித்துவிட்டுக் குகைக்குப் போய்விட வேண்டும். மற்ற நாட்களில் புலி என்ன சாப்பிட்டது என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டில் பட்டியல் கிடையாது.

பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் மந்திரமூர்த்தி என்ற கருமந்தி. வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வரிசையில் யாரும் இடையில் புகுந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

எண் பதினேழு கோமதிநாயகம். சாதி சருகுமான். பூனை உயரம்தான் இருப்பார், தலையில் கொம்பு கிடையாது. ஓர் இலை உதிர்ந்தால் ஒன்பது அடி தள்ளிப்போய் நிற்பார். ஆனால் போனைத் திறந்துவிட்டால் அவர் மரணக்கொம்பன்.

போன் எங்கிருந்து வந்தது என்றால், அருவிக்கு வருகிறவர்கள் பாறைமேல் நின்று செல்ஃபி எடுக்கும்போது குரங்குகள் பறித்துக்கொண்டு வந்தவை. காட்டில் ஆளுக்கொன்று இருந்தது. அதில் 'வான்கொள்ளை' என்றொரு விளையாட்டு. நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓட்டி, சரக்குக் கப்பல்களை மறித்துக் கொள்ளையடிக்க வேண்டும். அங்கே காட்டு நியாயம் செல்லாது. நீ அடி, பிறகு நான் அடிக்கிறேன் என்று எவனும் காத்திருக்க மாட்டான். நீங்கள் யோசிக்கிற நேரத்துக்குள் எதிரி நாலு தடவை சுட்டிருப்பான். மூளைக்கு அங்கே வேலையில்லை, குளம்புக்குத்தான் வேலை. கோமதிநாயகம் அதில் அறுபத்திரண்டாம் லெவல் கேப்டன்.

அவருக்கு ஒரு துணைக் கப்பல் உண்டு. ஓட்டுகிறவர் பெயர் 'அப்பாவி ஏழு'. யாரென்று தெரியாது, ஆனால் சொன்னபடி கேட்கிற ஆள். "ஏலே, எடப்பக்கம் திரும்புலே! கூறு கெட்டவனே, எங்க பாத்துச் சுடுத?" என்று இவர் போனில் கத்துவார். "சரிங்க அண்ணாச்சி, மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று அந்தப் பக்கம் பம்மும்.

அந்த வியாழக்கிழமை கோமதிநாயகம் குளித்துவிட்டுக் குகை வாசலில் வந்து நின்றார். வீட்டில் மனைவி ஆவுடையிடம் சொல்லிக்கொண்டாயிற்று. அப்பாவியிடம் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. 'தம்பி, இனிமே ஆட்டத்துக்கு வர முடியாது. ஒரு சோலியாப் போறேன்' என்று அனுப்பினார்.

குகைக்குள் டிங் என்றது.

புலி போனைப் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தது. மறுபடி போனைப் பார்த்தது. "அண்ணாச்சி?" என்றது.

கோமதிநாயகம் ஒன்பது அடி தள்ளிப்போய் நின்றார். ஏலே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டார்.

"நீங்கதானா மரணக்கொம்பன்? கொம்பு எங்க?"

"அது சும்மா பேருக்குங்க ஐயா."

புலி நெடுநேரம் யோசித்தது. வான்கொள்ளையில் கடைசிச் சண்டை ஒன்று பாக்கியிருந்தது. சுங்கத் தாய்க்கப்பல் என்ற ராட்சசக் கப்பலை வீழ்த்த வேண்டும். வியாழன் மூன்று மணிக்கு மட்டும்தான் அது வரும், இரண்டு கப்பல் சேர்ந்தால்தான் எதிர்க்க முடியும். புலியின் பாதத்துக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் மூன்று அமுங்கும். அண்ணாச்சி இல்லாமல் நடக்கிற காரியமில்லை.

"இன்னா பாருங்க," என்றது புலி. "அந்தக் கப்பல் விழுற வரைக்கும் உங்க மேல என் நகம் படாது. விழுந்த அன்னைக்கு, சட்டம்னா சட்டம். நான் வார்த்தை மாறாதவன்."

ஒத்திவைப்பு மனுவை மூன்று பிரதி எழுதித் தரச் சொன்னார் மந்திரமூர்த்தி. "காரணம்ங்கிற எடத்துல உயிர் மேல ஆசைன்னு எழுதாதேயும் வே. எல்லாப் பயலும் அதையே எழுதுதான். வேற ஏதாவது எழுதும்." கோமதிநாயகம் 'கடற்படைப் பணி' என்று எழுதினார். வானத்தில் கடல் ஏது என்று மந்தி கேட்கவில்லை. பதினெட்டாம் எண்ணான காட்டுப்பன்றியை ஒரு வாரம் முன்னால் நகர்த்தி வைத்தார். அன்று மாலையே பன்றி குளித்தது.

ஆவுடை ஆட்டம் ஆடியதில்லை. ஆட்டத்தைப் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். ஆனால் கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப நீங்க ஜெயிக்காத வரைக்கும் நமக்குச் சாவு இல்ல. அம்புட்டுதான? தோத்துட்டு வாங்க."

"சும்மா தோக்க முடியாதுட்டி. தெரிஞ்சிரும். கிட்டப் போயித் தோக்கணும்."

"கிட்டப் போயித் தோத்துட்டு வாங்க."

அப்படியே நடந்தது. தாய்க்கப்பலின் உயிர் திரையின் மேலே ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும். நூறு சதவீதத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். முதல் வாரம் பதினொன்று இருக்கும்போது கோமதிநாயகம், "ஐயா, நெட் போயிருச்சு" என்றார். அடுத்த வாரம் எட்டில் அப்டேட் கேட்டது. அதற்கடுத்த வாரம் நாலில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் விஷயம் ஆவுடையின் ஏற்பாடு. வனத்துறைக் காவல் கோபுரத்துச் சோலார் தகட்டில் போனைச் செருகி, பதினைந்து சதவீதம் ஏறியதும் பிடுங்கிவிடுவாள். ஒவ்வொரு தோல்வியிலும் புலி மண்ணில் புரண்டு அழுதது. ஒவ்வொரு வாரமும் வரிசையில் ஒருவர் முன்கூட்டியே குளித்தார்.

அதில்தான் ஊருக்கு அக்கறை பிறந்தது. எட்டாவது வியாழக்கிழமை காலையிலேயே குகை வாசலில் ஒரே கூட்டம். முன்வரிசையில் இருபத்தைந்தாம் எண் முயல், அதன் பக்கத்தில் இருபத்தாறு, இருபத்தேழு. எண் தள்ளிப்போகப் போகக் கைதட்டலில் வேகம் குறைவாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் எங்க காட்டுக்குப் பெருமை!" என்று முயல் கண்கலங்கிச் சொன்னது. உண்மையான கண்ணீர். "நேத்துகூட எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்களைப் பத்தித்தான் பேச்சு. போனைக் குடுங்க, நான் ஒரு வாட்டி சார்ஜ் போட்டுத் தாரேன்."

கோமதிநாயகத்துக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. இலை விழுந்தாலே ஓடுகிறவருக்கு யார் தட்டுவார்கள்? அவர் போனைக் கொடுத்தார். முயல் நூறு ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தது.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஆவுடை பதறிப்போனாள். "ஏங்க! ஒண்ணு வந்ததும் கீழ வச்சிருங்க! கேக்கா?"

"கேக்கு, கேக்கு," என்றார் கோமதிநாயகம். குரல் மரணக்கொம்பனின் குரலாக இருந்தது.

மூன்று மணிக்குத் தாய்க்கப்பல் வந்தது. அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஓர் ஆட்டம். நெருப்புக்கு நடுவே கப்பலைக் குறுக்கே விட்டார், செத்த கப்பலின் மறைவில் ஒளிந்தார், "ஏலே புலி, வாலைச் சுடுலே!" என்று அதட்டினார். புலி, "சரிங்க அண்ணாச்சி!" என்று வாலைச் சுட்டது. இருபது. பன்னிரண்டு. ஐந்து. "விடாதீங்க அண்ணாச்சி!" என்று இருபத்தைந்தாம் எண் தொண்டை கிழியக் கத்தியது.

ஒன்று.

கீழே வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மனைவி தெரியும், மரத்தில் ஒட்டியிருக்கும் பட்டியல் தெரியும், எல்லாம் தெரியும். அதையெல்லாம் நினைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத்தான் அந்த ஆட்டம் யாருக்கும் தருவதில்லை. தாய்க்கப்பல் தன் பக்கவாட்டைக் காட்டித் திரும்பியது. குளம்பு தானாக அமுக்கிவிட்டது.

திரை முழுக்க மத்தாப்பு. காடு அதிர்ந்தது. முயல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. புலி கோமதிநாயகத்தைத் தூக்கி மார்போடு அணைத்து ஓவென்று அழுதது. "ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி! ஜெயிச்சிட்டோம்!" அவரும் அழுதார். சிரிப்பும் சேர்ந்தே வந்தது. கூட்டத்தின் பின்னால் ஆவுடை ஒருத்திதான் வெறுமனே அழுதாள்.

புலி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "சரி அண்ணாச்சி," என்றது.

வார்த்தை மாறாதவன் என்று புலி முன்பே சொல்லியிருந்தது.

மந்திரமூர்த்தி பதினேழுக்கு நேரே கோடு போட்டார். போனை வாரிசுதாரரிடம் ஒப்படைத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டார். வெற்றிப் பலகையில் மரணக்கொம்பன் என்ற பெயர் முதலிடத்தில் மின்னியது. காட்டில் எல்லோரும் அதைப் பெருமையாகப் பார்த்தார்கள், முயல் மட்டும் இரண்டு தடவை பார்த்தது.

அடுத்த வியாழக்கிழமை முயலின் முறை. அன்று காலை வான்கொள்ளையில் புதுப் பாகம் வந்தது. சுங்கத் தாய்க்கப்பலுக்கு ஓர் அக்காவாம். இரண்டு கப்பல் கட்டாயம். புலி ஆசையோடு மரணக்கொம்பனைத் தேடியது. அந்த ஆட்டத்தில் செத்தவர்கள் பத்து நொடியில் துறைமுகத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். புலி பத்து நொடி பார்த்தது. அரை மணி பார்த்தது. 'அண்ணாச்சி, எங்க இருக்கீங்க?' என்று அனுப்பியது.

ஆவுடை அந்தச் செய்தியைப் படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினாள். 'அவுக வர மாட்டாக. நான் வாரேன்.'

மரத்தடிக்குப் போய், அக்கா கப்பல் விழுகிற வரைக்கும் ஒத்திவைப்பு மனு கேட்டாள். அவள் எண் நாற்பத்தொன்று, இன்னும் நாளிருக்கிறதே என்றார் மந்தி. அவள் காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக்காரர் பாதியில் விட்ட வேலை' என்று எழுதிக் கொடுத்தாள்.

அவளுக்கு ஆட்டத்தில் துளியும் ஆசை இல்லை. அதனால் மிக நன்றாக ஆடினாள். நூறிலிருந்து பத்து, பத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று. ஒன்று வந்ததும் போனைக் கீழே வைத்து, கொட்டாவி விட்டாள்.

புலி மண்ணில் புரண்டு அழுதது. அவள் அதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். அன்று மாலை முயல் குளித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள் அப்படியே பார்த்தாள். புலிக்குப் பல் விழுந்த பிறகும் அக்கா கப்பல் விழவில்லை.

நீதி: திறமைசாலிகள் தங்கள் போனில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஆட்டம் பிடிக்காதவர்கள் நூறு வரை தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்.