மஞ்சள் டேப் குழாயில் நடந்தது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. உங்கள் உடல்நலம் அறிய ஆவல். இங்கு அனைவரும் நலம். ஈக்களைப் பற்றி மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆய்வகத்தில் சூட்டுப் பெட்டி பழுதாகிவிட்டதால், உங்கள் மனைவி பழ ஈப் புழுக்கள் உள்ள கண்ணாடிக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் சட்டை அலமாரியில் அடுக்கிவிட்டாள். (சட்டைகள் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.) பச்சை டேப் குழாயில் இருப்பவை சாதாரணப் புழுக்கள். மஞ்சள் டேப் புழுக்களுக்கு ஒரு புரதம் கிடையாது. டி.என்.ஏ. என்பது நீளமான நூல் மாதிரியாம், அதை உருளைகளில் சுற்றி அடுக்குவதுதான் அந்தப் புரதத்தின் வேலையாம், அடுக்க ஆளில்லாவிட்டால் புழு புழுவாகவே நின்றுவிடுமாம். "சூடு குறையாம பாத்துக்குங்கப்பா, வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள். அதில் முதல் பாதியை நான் அப்படியே கடைப்பிடித்தேன்.

பச்சையில் எல்லாரும் கண்ணாடிச் சுவரில் ஏறி, கூடு கட்டி, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். மஞ்சளில் அத்தனை பேரும் அடியிலேயே நெளிந்துகொண்டிருந்தார்கள். "அதுங்க தேறாதுப்பா" என்றபோது அவள் முகம் வாடியிருந்தது. (தலைவலி என்று பிறகு தெரிந்தது.) தேறாத வகுப்பை வைத்துக்கொண்டு ஒருவர் படும் பாடு எனக்குத் தெரியாததா? அவள் குளிக்கப் போன நேரம், மீசைக்குச் சாயம் பூசும் பிரஷ்ஷைக் கழுவி, நனைத்து, பச்சையிலிருந்து சில கூடுகளை எடுத்து மஞ்சளில் ஒட்டிவிட்டேன். தேர்வறையில் காப்பியடித்த பிள்ளைகளைப் பிடித்தே ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

புழுக்கள் தேறாததுதான் அவளுடைய ஆராய்ச்சி முடிவே என்பது எனக்குத் தெரியாது. குளித்துவிட்டு வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் பேராசிரியருக்குப் போன் போட்டாள். "மேடம், புரதம் இல்லாமலே கூடு கட்டியிருக்கு." அந்த அம்மாள் நாளைக் காலை நேரில் வருகிறார். இவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதப் போகிறாளாம். உண்மை தெரிந்தால் பேராசிரியரிடம் இவள் பெயர் கெடும், தெரியாவிட்டால் ஊர் உலகத்திடமே கெடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்று இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

தங்கள் உடலும் உத்தியோகமும் குறைவில்லாமல் இருக்க என் ஆசிகள்.

அன்புள்ள,
மாமனார்

பி.கு.: படம் எடுப்பதற்குள் தூங்கிவிட்டேன். மேலே உள்ள எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். காலையில் ஈக்கள் வெளிவந்தன, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கண். மஞ்சள் குழாயில் பிறந்திருந்தால் வெள்ளைக் கண் இருக்க வேண்டுமாம், அடையாளத்துக்காகவே அப்படி வைத்திருக்கிறார்களாம். ஈயைப் பார்த்தாள். பிரஷ்ஷைப் பார்த்தாள். "அப்பா" என்றாள், அவ்வளவுதான். பேராசிரியரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயைக் குப்பையில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். போடப் போகும்போது பார்க்கிறேன், குழாய் வாயை அடைத்த பஞ்சுக்குள் ஒளிந்திருந்த ஒரு கூட்டிலிருந்து இன்னொரு ஈ வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெள்ளைக் கண். போன் போட்டேன். "போதும்பா" என்று வைத்துவிட்டாள். சத்தியமாக இதை நான் வைக்கவில்லை, மாப்பிள்ளை. நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள்.